முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

(தலைப்பு: "நெடும்பயணத்தில் நெஞ்சில் நிற்பது கண்ட காட்சியா? கூட வந்த துணையா?" 'கூட வந்த துணையே!' என்ற அணியில் பேசியது. இடம்: ஸ்ரீரங்கம்.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நான் எப்போது தப்பாகப் பேசுவேன் என்று பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் எதிரணி நண்பர்களே, காவேரிக் காற்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஸ்ரீரங்கத்துப் பெரியோர்களே, திருச்சித் தாய்மார்களே, வீட்டில் ஒரு கையில் முறுக்கும் ஒரு கையில் ரிமோட்டுமாகத் தொலைக்காட்சி முன்னால் இருக்கும் அன்பு நெஞ்சங்களே, அந்த ரிமோட்டை மட்டும் ஒரு பத்து நிமிஷம் கீழே வையுங்க. முறுக்கு இருக்கட்டும். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிவிட்டுப் போன எதிரணி அம்மையார் ரொம்ப அழகாகப் பேசினார்கள். என்ன சொன்னார்கள்? "நண்பன் இன்னிக்கு இருப்பான், நாளைக்குச் சண்டை போட்டுட்டுப் போயிடுவான். ஊரு போகுமா? கோபுரம் போகுமா? கண்ணால பாத்த காட்சிதான்யா கடைசி வரைக்கும் நிக்கும்" என்று சொல்லி, ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தையே கைகாட்டிவிட்டுப் போனார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். உள்ளூர்க் கோபுரமாச்சே, தட்டாமல் இருக்க முடியுமா?

நான் ஒண்ணு கேக்கிறேன். 236 அடி உயரம். 13 நிலை. பல நூறு வருஷம் மொட்டையாக நின்று, 1987இல் முடித்துக் குடமுழுக்கு செய்த கோபுரம். அதுக்குக் கீழேதானே நாம தினம் போறோம், வர்றோம்? கத்தரிக்காய் வாங்கப் போறோம், கேஸ் புக் பண்ணப் போறோம். அண்ணாந்து பாத்து எத்தனை நாளாச்சு? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. வெளியூரிலிருந்து சிநேகிதன் ஒருத்தன் வந்து, "அடேயப்பா, என்னடா இது!"ன்னு வாயைப் பிளக்கும்போதுதானே நாமளும் கூடச் சேர்ந்து நிமிர்ந்து பாக்கிறோம்? அம்மா, அந்தக் கோபுரத்தை எனக்குக் காட்டினதே கூட வந்தவன்தாம்மா! (கைதட்டல்)

சரி, ஊர் நிக்கும்னு சொன்னீங்களே. எங்க ஊர்க்காரங்ககிட்டக் கேட்டுப் பாருங்க. திருவானைக்கோவிலைத் தாண்டினா கொள்ளிடத்து மேல ஒரு பழைய இரும்புப் பாலம். 1928இல் கட்டினது. பக்கத்திலேயே புதுப்பாலம் வந்து பழையது ஓய்வு எடுத்துக்கிட்டு இருந்தது. 2018 ஆகஸ்ட் மாசம் வெள்ளம் வந்தது. 90 வருஷம் நின்ன பாலம் ஆத்துல உட்கார்ந்துடுச்சு. அதே மாசத்துல முக்கொம்பில் கொள்ளிடம் அணையில் ஒன்பது மதகு போச்சு. ஆர்தர் காட்டன் காலத்துல, 1836இல் எழுந்த அணை அது. அந்தப் பாலத்து மேல அப்பாவோட சைக்கிள்ல முன்னால உட்கார்ந்து போனவங்க இந்தக் கூட்டத்துல எத்தனை பேர் இருப்பீங்க? பாலம் இப்ப இல்ல. அப்பாவோட மூச்சுக்காத்து தலையில பட்டுக்கிட்டே வந்ததே, அது போயிடுச்சா?

எதிரணித் தலைவர் இலக்கியம் கேட்பார். அதுக்கும் வந்துடறேன். வள்ளுவர் நட்புக்கு எத்தனை அதிகாரம் எழுதினார்? 79 முதல் 83 வரை, வரிசையாக ஐந்து அதிகாரம். நல்ல நட்பு, ஆராய்ந்து பழகும் நட்பு, பழைய நட்பு, தீய நட்பு, கூடா நட்பு. 50 குறள். ஊர் சுற்றிப் பார்க்கிறதுக்கு எத்தனை அதிகாரம்? ஒண்ணு கூட இல்லை. மனுஷன் தேவையில்லாம எழுத மாட்டார். (சிரிப்பு)

இன்னொன்று. இதோ இருக்கிறதே உறையூர், இங்கிருந்து ஆட்டோவில் போனால் அரை மணி நேரம். அந்த உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழன், பெற்ற பிள்ளைகளோடு பகை வந்து, மனம் வெறுத்து, வடக்கிருந்து உயிர்விட முடிவு செய்தான். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் அவனுக்கு நண்பர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. "அவர் வருவார், இடம் போட்டு வையுங்கள்" என்றான் சோழன். சுற்றி இருந்தவர்கள் நம்பவில்லை. அவர் வந்தார். புறநானூறு சொல்கிறது. பஸ் கிடையாது, ரயில் கிடையாது. அத்தனை தூரம் அவர் எதுக்கு வந்தார்? உறையூரைச் சுத்திப் பாக்கவா? சேலை நல்லா இருக்கும், ரெண்டு வாங்கிட்டுப் போவோம்னா வந்தார்? (சிரிப்பு, கைதட்டல்) நண்பனுக்குப் பக்கத்தில் உட்கார வந்தார். தமிழனுடைய மிகப் பெரிய நெடும்பயணக் கதை இந்த ஊரில்தான் முடிகிறது. அதில் காட்சி ஏதாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

இப்ப நான் என் விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் பஸ்ஸு, ரயில், விமானம்னு பேசிட்டாங்க. நான் மோட்டார் சைக்கிள்ல போனவன். மோட்டார் சைக்கிள்னா கல்லூரிப் பையன்னு நினைக்காதீங்க. போனபோது எனக்கு வயசு 61. கூட வந்த நண்பருக்கும் 61. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு, ஒண்ணாம் வகுப்பிலேர்ந்து. வண்டிக்கு வயசு 35. மூணையும் கூட்டிப் பாருங்க, 157! (சிரிப்பு)

இந்தக் கதையைச் சொல்லலாமான்னு அவர்கிட்டயே கேட்டேன். "சொல்லு, ஆனா பேரைச் சொல்லாதே"ன்னார். அதனால் நண்பர் என்றே சொல்கிறேன். பெல்லில் வெல்டிங் பிரிவில் 36 வருஷம் வேலை பார்த்தவர். இரும்போட இரும்பை ஒட்ட வைக்கிற தொழில். அவர் மனைவி 2018 ஜனவரியில் தவறிவிட்டார்கள். மகள் கல்யாணம் நடந்து அஞ்சே மாசம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் அஸ்தியைக் கரைத்தோம். அன்னிக்கு வாயை மூடினவர்தான். ஒரு வருஷம் பேசவில்லை. சாப்பிட்டியா என்றால் "ம்". தூங்கினியா என்றால் "ம்". அவர் மகள் என்கிட்ட வந்து, "சித்தப்பா, அப்பா அழுதாக்கூடப் பரவாயில்ல, இப்படி இருக்கிறதைப் பாக்க முடியல"ன்னு அழுதுச்சு. நான் போய் எதிரே உட்காருவேன். முகத்தைப் பார்ப்பேன். அவர் சுவரைப் பார்ப்பார். காபி ஆறிப் போகும். வந்துடுவேன்.

வருஷத் திதி முடிந்த மறு வாரம், 2019 பிப்ரவரி. அம்மா மண்டபத்துல உட்கார்ந்திருக்கோம். தண்ணியைப் பாத்துக்கிட்டே அவராச் சொல்றார்: "மாப்ளே, இந்தத் தண்ணி கிளம்புற எடத்தைப் பாக்கணும்டா." ஒரு வருஷத்துல அவர் பேசின முதல் முழு வாக்கியம். நான் என்ன சொல்ல முடியும்? "கார் எடுக்கிறேன்"னேன். "வேண்டாம். வண்டில போலாம்"னார்.

வண்டின்னா எது? 1984இல் அவர் வாங்கின யெஸ்டி ரோடுகிங். பெரியவங்களுக்குத் தெரியும். பின்னால ரெண்டு பக்கமும் ரெண்டு சைலன்சர். தெருமுனையில திரும்பினாலே வீட்டுல தோசைக்கல்லை அடுப்புல வெச்சுடுவாங்க, அந்தச் சத்தம். உதைக்கிற கிக்கரும் அதுதான், கியர் போடுற லீவரும் அதுதான். இளைஞர்கள் நம்ப மாட்டாங்க. கிக்கரை அமுக்கி மேலே திருப்பி உதைக்கணும், கிளம்பினதும் அதையே கீழே மடக்கிக் கியர் போடணும். ஒரே ஆளு ரெண்டு வேலை பாக்கிற நம்ம வீட்டு அம்மாக்கள் மாதிரி. (சிரிப்பு, கைதட்டல்) பெட்ரோலோட ஆயிலைக் கலந்து ஊத்தணும். இந்த வண்டியைச் செய்தது மைசூரில், ஐடியல் ஜாவா தொழிற்சாலையில். 1996இல் மூடிட்டாங்க. அதனால் வண்டிக்கும் இது பிறந்த வீட்டுக்குப் போற பயணம்.

என் வீட்டில் சொன்னேன். "அறுபத்தோரு வயசுல ரெண்டு கிழமும் குடகுக்கு மோட்டார் சைக்கிளா? திரும்பி வர்றப்ப எந்த எலும்பு எந்தப் பையில இருக்குன்னு எழுதி வெச்சுட்டு வாங்க"ன்னாங்க என் சகதர்மிணி. சொல்லிட்டு, நாலு பொட்டலம் புளியோதரை, தைலம், பிரஷர் மாத்திரை, மங்கி குல்லா எல்லாம் கட்டிக் குடுத்தாங்க. திட்டிக்கிட்டே கட்டிக் குடுக்கிறதுதானே நம்ம ஊர்ப் பாசம்!

கிளம்பினோம். சாவியை அவர் என் கையில் கொடுத்துவிட்டார். மனைவி போனதிலிருந்து அவர் அந்த வண்டியை ஓட்டவில்லை. நான் முன்னால, அவர் பின்னால.

இங்கே எதிரணிக்காரங்களுக்கு ஒரு உண்மையைச் சொல்றேன். காட்சிக்குக் குறைவே இல்லாத பாதை அது. முக்கொம்பு வந்தது. காவேரி ரெண்டாப் பிரிஞ்சு ஒண்ணு கொள்ளிடமா, ஒண்ணு காவேரியா நம்ம ஸ்ரீரங்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு போகிற இடம். குளித்தலை வந்தது. இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். கரூர் தாண்டி, ஈரோடு தாண்டி, பவானி கூடுதுறை. சாயங்காலம் மேட்டூர். 1925இல் ஆரம்பித்து 1934இல் முடித்த அணை, முழு மட்டம் 120 அடி. இதையெல்லாம் நான்தான் வாய் வலிக்கச் சொல்லிக்கிட்டு வர்றேன், சுற்றுலா வழிகாட்டி மாதிரி. பின்னாலிருந்து ஒரு "ம்" கூட இல்லை. இறங்கிட்டாரோன்னு ரெண்டு தடவை திரும்பிப் பாத்தேன்! (சிரிப்பு) மேட்டூர் அணையே ஒரு மனுஷன் வாயைத் திறக்க வைக்கலையே ஐயா, அப்புறம் காட்சி காட்சின்னா என்ன அர்த்தம்?

மறுநாள் கொளத்தூர் வழியாக, பாலாறு சோதனைச் சாவடி தாண்டி, கர்நாடகத்துக்குள் மாதேஸ்வரன் மலைப் பாதை. காடு. கொண்டை ஊசி வளைவு. பழைய வண்டி, ரெண்டு கிழம், ஏத்தம். முதல் கியரில் முக்கிக்கிட்டு ஏறுது. பாதி மலையில் பிளக் அடைத்து நின்றுவிட்டது. அவர் இறங்கினார். பேசாமல் பிளக்கைக் கழற்றினார், உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தார், கரி போச்சு, மாட்டினார். ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பி ரெண்டு வளைவு தாண்டியிருக்கும்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "அவளுக்கு முன்னாலயே தெரியும்டா."

நான் திரும்பவில்லை. வளைவு. திரும்பவும் முடியாது.

"கல்யாணத்துக்கு ஆறு மாசம் முன்னாலயே அவளுக்குக் கட்டி இருந்தது தெரியும்டா. சொன்னா கல்யாணம் நின்னு போயிடும்னு மறைச்சுட்டா. ஒரே ஒரு நாள் 'வலிக்குதுங்க'ன்னா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். தைலம் தேச்சுக்கன்னேன்டா மாப்ளே. தைலம் தேச்சுக்கன்னேன்."

(அரங்கில் அமைதி)

அதுதான் அந்த ஒரு வருஷ மௌனம். தாய்மார்களே, யோசித்துப் பாருங்கள். இதை அவர் பெத்த பொண்ணுகிட்டச் சொல்ல முடியுமா? 'என் கல்யாணத்துக்காகவா அம்மா செத்தாங்க'ன்னு அந்தப் பிள்ளை உடைஞ்சு போகாதா? கூடப் பிறந்தவங்ககிட்டச் சொல்ல முடியுமா? ஊர் பேசும். என் வீட்டு ஹாலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஒரு வருஷம் முயற்சி பண்ணித்தானே ஐயா முடியலை! ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளை முகத்தைப் பார்த்து அழுறதுக்கு நம்ம ஊர்ல யாரும் சொல்லிக் குடுக்கலை.

கார்ல போயிருந்தா நடந்திருக்காது. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தா ஓரக்கண்ணு இருக்கு. பாட்டுப் போட்டுக்கலாம், தூங்குற மாதிரி நடிக்கலாம். மோட்டார் சைக்கிளில் அது முடியாது. பின்னால உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியறது நண்பனோட முதுகு மட்டும்தான். முதுகு பதில் சொல்லாது. முகம் சுளிக்காது. அட, பாவமேன்னு பாக்காது. ஆனா சூடா, தொட்டுக்கிட்டு, அங்கேயே இருக்கும். பயப்படாமப் பேசலாம்.

இதிலே ஒரு வேடிக்கை. ரெண்டு பேரும் ஹெல்மெட். அந்த வண்டிச் சத்தம் வேற. மெதுவாச் சொன்னாக் கேக்காது. ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லாத ரகசியத்தை மனுஷன் தொண்டை கிழியக் கத்திக் கத்திச் சொல்றார்! நானும் "ம்..."ங்கிறதைக் கூடக் கத்தித்தான் சொல்றேன். மாதேஸ்வரன் மலைக் குரங்கு அத்தனைக்கும் விஷயம் தெரிஞ்சு போச்சு. (சிரிப்பு) வண்டிக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. வளைவு முடிந்ததும் அந்தக் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பி விட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணினது. ஆறுதல் ஒண்ணும் சொல்லலை. வண்டியை விழாம ஓட்டினேன்.

கொள்ளேகால் போய்ச் சேர்ந்தப்ப வண்டி மறுபடி மக்கர். ஒரு மெக்கானிக் கடை. வயசானவர். எங்களுக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. எங்க நம்பர் பலகையைப் பாத்தார். எனக்கு வயித்துல கொஞ்சம் கலக்கம்தான். 1991லயும் 2016லயும் காவேரிச் சண்டையில என்ன நடந்ததுன்னு நமக்குத் தெரியும். அவர் நம்பரை விட்டுட்டு வண்டியைப் பாத்தார். டேங்கைத் தடவினார். "மைசூர் காடி!"ன்னார். அப்புறம் எங்களை ஒரு பொருட்டாவே மதிக்கலை. பெத்த பொண்ணு மாமியார் வீட்டிலிருந்து வந்தா மாப்பிள்ளையை யாரு கவனிக்கிறா? (சிரிப்பு) அரை நாள் பிரிச்சு மேய்ஞ்சார். என் நண்பர் பக்கத்துலயே குந்தி உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் குடுக்கிறார். பாஷை தேவைப்படவே இல்லை. கூலின்னு கேட்டா கையை ஆட்டிட்டார். பாகத்துக்கு மட்டும் காசு. தண்ணிக்குத்தான் சண்டையே தவிர, ரெண்டு சொட்டு ஆயிலுக்குச் சண்டை இல்லை. எதிரணி கேட்கலாம், "இது அந்த ஊரு தந்த அனுபவம்தானே?"ன்னு. இருக்கட்டும். ஆனா அந்த மெக்கானிக்கை நான் நினைக்கிறப்ப எனக்குத் தெரியறது, ஒரு வருஷமா எதையும் தொடாத என் நண்பர் கை கிரீஸாகி இருந்ததுதான்.

அப்புறம் சிவசமுத்திரம். 1902லேயே அருவித் தண்ணியில மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பின இடம். அங்கே ஒரு ரங்கநாதர். மத்தியரங்கம் என்பார்கள். அதைத் தாண்டி ஸ்ரீரங்கப்பட்டணம், ஆதிரங்கம். நம்ம ஸ்ரீரங்கம் அந்திய ரங்கம். மூணும் காவேரி நடுவுல தீவு. மூணு ஊர்லயும் பெருமாள் சுகமாப் படுத்துக்கிட்டு இருக்கார். நாங்கதான் இடுப்பு விட்டுப்போக உட்கார்ந்துக்கிட்டே போனோம்! (சிரிப்பு) இப்ப அவர் பேச ஆரம்பிச்சுட்டார். நிறுத்தத்தான் ஆளில்லை. கல்யாணமான புதுசுல இந்த யெஸ்டில அந்த அம்மாவை வயலூர் கூட்டிட்டுப் போனது, சமயபுரம் போற வழியில மழையில நனைஞ்சது, அவங்க வைக்கிற வத்தக்குழம்பு, எல்லாம். குஷால்நகர், மடிக்கேரி, பாகமண்டலம். காபித் தோட்டம், பனி, மிளகுக்கொடி. பாத்தேன். ஆனா எந்த மலைத் திருப்பத்தில் எந்த மரம் இருந்ததுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. எந்தத் திருப்பத்தில் எந்தக் கதை சொன்னார்னு கேளுங்க, சொல்றேன்.

நாலாம் நாள் தலைக்காவேரி. பிரம்மகிரி மலை. போக மட்டும் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வந்திருக்கோம். போய்ப் பாத்தா, ஒரு குளம். குளத்துக்குத் தலைமாட்டில் ஒரு சின்னக் கல்தொட்டி. காவேரி பிறக்கிற இடம் அதுதான். பொங்கிக்கிட்டு வரும், பாய்ஞ்சு ஓடும்னு நினைச்சுக்கிட்டுப் போனா, ஓட்டமே கண்ணுக்குத் தெரியாது. தண்ணி பூமிக்குள்ளே போய்க் கொஞ்ச தூரம் தள்ளித்தான் ஆறா வெளியே வருதுன்னு சொல்றாங்க. ஐப்பசி துலா சங்கராந்தி அன்னிக்கு ஊத்து பொங்கி வர்றதைப் பாக்கத்தான் கூட்டம் கூட்டமா வருவாங்க. நாங்க போனது பிப்ரவரி.

என் நண்பர் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். குனிஞ்சு பாத்தார். என்னைப் பாத்தார். "இவ்வளவுதானாடா?"ன்னார். சொல்லிட்டுச் சிரிச்சார் பாருங்க! "இதுக்காடா இடுப்பொடிய வந்தோம்?"னு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். ஒரு வருஷம் கழிச்சு அந்தச் சிரிப்பைக் கேக்கிறேன். எனக்கும் சிரிப்பு தாங்கலை. சுத்தி இருந்தவங்க ரெண்டு தமிழ்நாட்டுக் கிழத்துக்கும் குளிர் தலைக்கு ஏறிடுச்சுன்னு ஒதுங்கிப் போனாங்க. (சிரிப்பு) அப்புறம் அவர் சட்டைப் பையிலிருந்து அந்த அம்மாவோட படத்தை எடுத்து அந்தத் தண்ணிக்குக் காட்டினார். தண்ணிக்குக் காட்டினாரா, தண்ணியைக் காட்டினாரா, எனக்குத் தெரியாது. நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்னுக்கிட்டேன்.

எதிரணித் தலைவரே, அங்கே காட்சின்னு பாத்தா ஒரு சாண் தண்ணி. உங்க கட்சிப்படி என் பயணம் நஷ்டம்! டிக்கெட் வாங்கியிருந்தா காசைத் திருப்பிக் கேட்டிருக்கணும். நான் இன்னிக்கு வரைக்கும் என் வாழ்க்கையில அது மாதிரி ஒரு பயணம் போனதில்லைன்னு சொல்லிக்கிட்டு இருக்கேனே, எதுனால?

உலகக் கணக்கும் ஒண்ணு சொல்லிடறேன். மணி அடிக்கக் கையை நீட்டறார் நடுவர், ஐயா ஒரு ரெண்டு நிமிஷம். 1952 ஜனவரி. அர்ஜென்டினாவிலிருந்து ரெண்டு நண்பர்கள் ஒரு பழைய நார்ட்டன் 500 சி.சி. மோட்டார் சைக்கிள்ல கிளம்பினாங்க. ஒருத்தர் 23 வயசு மருத்துவ மாணவர் எர்னஸ்டோ சே குவேரா. இன்னொருத்தர் ஆல்பெர்ட்டோ கிரானாடோ. அந்த வண்டிக்கு 'வலிமையானவள்'னு பேரு வெச்சிருந்தாங்க. அந்த வலிமையானவள் சிலி நாட்டிலேயே மண்டையைப் போட்டுட்டா. (சிரிப்பு) காட்சிக்காகவும் வண்டிக்காகவும் போனவங்களா இருந்தா அங்கேயே திரும்பியிருக்கணும். நடந்தாங்க, லாரியில தொத்திக்கிட்டாங்க, தெப்பத்துல போனாங்க. பெரு நாட்டில் தொழுநோயாளிகள் இல்லத்தில் தங்கி வேலை செஞ்சாங்க. ஜூலை மாசம் வெனிசுவேலாவில் கராகஸ் நகரத்துலதான் பிரிஞ்சாங்க. 2004இல் சினிமாவா வந்து உலகமே பாத்தது. அந்தக் கிரானாடோ என்ன பண்ணினார்? கியூபாவில் புரட்சி ஜெயிச்சப்புறம், 1961இல் குடும்பத்தோட கியூபாவுக்கே குடி போயிட்டார். 1967இல் சே கொல்லப்பட்டார். கிரானாடோ 2011 வரைக்கும் இருந்தார். அந்தப் பயணத்தைப் பத்தி அவரும் ஒரு புத்தகம் எழுதினார். ஊர் பாக்கப் போனவன் நாடு மாறிக் குடி போவானா?

தனியாப் போறவங்களும் இருக்காங்க, நான் மறுக்கலை. டெட் சைமன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1973இல் தனி ஆளாய் ஒரு டிரையம்ப் வண்டியில் கிளம்பி நாலு வருஷம் உலகத்தைச் சுத்தினார். நம்ம இந்தியாவுக்கும் வந்தார். பெரிய மனுஷர்தான். ஆனா எனக்கு அது ஒத்து வராது. தலைக்காவேரியில நான் தனியா நின்னு "இவ்வளவுதானாடா?"ன்னு கேட்டிருந்தா, அந்த "டா"வை யாரைப் பாத்துச் சொல்றது? (பலத்த கைதட்டல்)

திரும்பி வரும்போது என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பாகமண்டலத்துல டீ குடிச்சுட்டு வெளியே வந்தோம். அவர் கையை நீட்டினார். "சாவியக் குடு"ன்னார். 13 மாசம் கழிச்சு அவர் ஓட்டினார், நான் பின்னால உட்கார்ந்தேன். மைசூர் வரைக்கும் சும்மாத்தான் வந்தேன். அதுக்கப்புறம் என் எதிரே இருந்தது ஒரு முதுகு. எனக்கும் யார்கிட்டயும் சொல்லாத சமாசாரம் ஒண்ணு ரெண்டு உண்டு ஐயா. நான் என்ன பேசினேங்கிறதை இந்த மேடையில சொல்ல மாட்டேன். அவர்கிட்டதான் இருக்கு. அவர் பேரையும் நான் சொல்லலை. அதனால நீங்க போய்க் கேக்கவும் முடியாது! (சிரிப்பு)

வண்டி இன்னும் இருக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்புவோம். கொல்லிமலை வரைக்கும், இல்லேன்னா கல்லணை வரைக்கும். போன தடவை கல்லணைப் பாதையில பாதி வழியிலேயே ஒரு டீக்கடையில உட்கார்ந்து பேசிட்டுத் திரும்பி வந்துட்டோம். வீட்டுல, "கல்லணையில தண்ணி எவ்வளவு வருது?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் முழிச்சோம்.

மணி அடிச்சாச்சு. நடுவர் அவர்களே, நீங்களும் திருச்சிக்கு வரும்போதெல்லாம் பழைய நண்பர் ஒருவரோடு ஒரே அறையில் தங்கி விடிய விடியப் பேசுகிற ஆள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று எதிரணி உங்களைக் கேட்கட்டும். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.